இருபத்து நான்கு ஊசிகளும் அதற்குப் பிறகான மாத்திரையும்

1

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை போவதுதான். அன்று ஊசியோடு நின்ற பெண்ணுக்கு இருபத்துமூன்று வயது இருக்கலாம், வேலைக்குப் புதிது. என் சீட்டைப் பார்த்துவிட்டு, தைராய்டு மாத்திரை எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருடம்."

"அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்ததா?"

"யாருக்கும் இல்லை. எனக்குக் கல்லீரலில் ஒரு கிருமி இருந்தது. அதற்குப் போட்ட ஊசி கிருமியை விரட்டியது. போகிற போக்கில் தைராய்டையும் கெடுத்துவிட்டுப் போனது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்டர்ஃபெரானா? அதைப் பாடப் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன். போட்டுக்கொண்டவரை இப்போதுதான் பார்க்கிறேன்."

நாற்பத்தாறு வயதில் நான் பாடப் புத்தகத்துக்குள் போய்விட்டேன் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது வேறொரு யோசனையும் வந்தது. இங்கே என் கதை ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது. எங்கள் சொந்த ஊரான களமருதூரில் அது இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. கலைச்செல்வி பிரான்சில் காமாலைக்கு ஊசி போட்டுக்கொண்டு பேச்சு வராமல் போனாள் என்பது ஒரு கதை. கழுத்து வீங்கிச் சாகப் பிழைக்கக் கிடந்தாள் என்பது இன்னொன்று. உளுந்தூர்பேட்டையில் எங்கள் சித்தப்பா வீட்டில், வெள்ளைக்காரன் என் மீது மருந்தைச் சோதித்துப் பார்த்தான் என்றே பேச்சு.

என் கோலத்தைக் கண்ணால் பார்த்த ஒருவரோ, வைத்தியமே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

பிரான்சுக்கு வருவதற்கு முன்னால் நான் நர்ஸ். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, அதற்கு அப்பாலும் கொஞ்சம் நடந்தால் வருகிற ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். தடுப்பூசி போடுவது, கர்ப்பிணிகளைப் பார்ப்பது, அப்புறம் உப்புச் சோதனை. வீடு வீடாகப் போய் உப்பில் ஒரு சொட்டு மருந்து விடுவோம். நீலமாக மாறினால் அயோடின் இருக்கிறது. மாறாவிட்டால், கழுத்தில் இருக்கும் தைராய்டு என்ற சுரப்பிக்கு அயோடின் ஏன் வேண்டும், அது மந்தமானால் மனிதருக்கு என்னவெல்லாம் ஆகும் என்று ஒரு பாடம் நடத்துவேன். மலையில் பாதிப் பெண்களுக்கு அந்தப் பாடம் மனப்பாடம்.

அந்தப் பாடத்தை எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டவள் அலமேலு அக்கா. மலைக்காரி, அங்கே உதவியாளராக இருந்தவள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் ஊசி போடும்போது பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வாள். எந்தக் காட்டுப் பாதையில் போனால் எந்த ஊர் வரும் என்று அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள். நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை நர்சம்மா என்பாள்.

இருபத்தேழு வயதில் கல்யாணம். கணவருக்குப் பாண்டிச்சேரி. அவர் குடும்பம் இரண்டு தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளது. பாரிஸுக்கு வடக்கே, ரயிலில் இருபது நிமிடத் தூரத்தில் ஒரு புறநகருக்கு வந்து சேர்ந்தேன். என் நர்ஸ் படிப்பு இங்கே செல்லாது என்றார்கள். எதற்கும் கேட்டுப் பார்ப்போமே என்று விண்ணப்பம் போட்டேன். சான்றிதழை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். மொழிபெயர்த்ததும், அதை மொழிபெயர்த்தவர் பட்டியலில் இருக்கிறாரா என்று கேட்டார்கள். அந்தக் கோப்பு முடிவதற்குள் எங்கள் மகள் மது பிறந்து, நடந்து, பள்ளிக்கே போக ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர் வேலைக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். இன்றும் அந்த வேலைதான், எனக்குப் பிடித்த வேலை.

அந்த வேலைக்கு முன் உடல் பரிசோதனை செய்தார்கள். டாக்டர் அம்மா தாளைப் பார்த்துவிட்டு, பிரச்சினை "ஃபுவா" என்றார். பிரெஞ்சில் ஃபுவா என்றால் தடவை என்று எனக்குத் தெரியும். முதல் தடவையா என்று கேட்கிறார் என நினைத்து, "ஆமாம், முதல் தடவைதான்" என்றேன். அவர் மறுபடியும் ஃபுவா என்று சொல்லித் தன் வலது விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். "அங்கேயும் முதல் தடவைதான்" என்றேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோதுதான், கல்லீரலுக்கும் அதே ஒலிதான், கடவுள் நம்பிக்கைக்கும் அதே ஒலிதான் என்றார். மூன்றையும் ஒரே சத்தத்தில் வைத்துக்கொண்டு இந்த ஜனங்கள் எப்படிக் குழம்பாமல் வாழ்கிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஹெபடைட்டிஸ் சி. ரத்தம் வழியாக வரும் கிருமி. பல வருடங்கள் சத்தமில்லாமல் கல்லீரலில் இருந்துகொண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக்கும். எனக்கு எப்படி வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மலையில் வேலை பார்த்த காலத்தில் ஊசி முனை என் விரலில் குத்திய நாட்கள் இரண்டு மூன்று உண்டு. கழுவிவிட்டு அடுத்த குழந்தையைப் பார்க்கப் போயிருக்கிறேன். அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கணவருக்கும் மதுவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இருவருக்கும் இல்லை என்று தெரிந்த அன்று மட்டும் அழுதேன்.

3

அப்போது இருந்த வைத்தியம் ஒன்றுதான். வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, கூடவே தினமும் மாத்திரைகள். என் உடம்பில் இருந்த கிருமி வகைக்கு இருபத்து நான்கு வாரம் போதும் என்றார்கள். சிலருக்கு அதைப் போல இரண்டு மடங்கு. என் நல்ல காலம்.

நர்ஸ் வந்து போடட்டுமா என்று கேட்டார்கள். "நானே போட்டுக்கொள்வேன்" என்றேன். ஆயிரக்கணக்கான கைகளில் போட்டவள், என் தொடையில் போட்டுக்கொள்ள மாட்டேனா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் போடுவேன், காய்ச்சலும் நடுக்கமும் சனி, ஞாயிறோடு போய்விடும் என்று கணக்கு. ஊசி உறையைப் பிரித்த உடனே கணவர் பால்கனிக்குப் போய்விடுவார்.

கஷ்டமாக இருக்கும் என்று எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அம்மா முன்னமே சொல்லியிருந்தார். சோர்வு வரும், முடி கொட்டும், மனம் சோர்ந்து போகும், சிலருக்குத் தைராய்டு பாதிக்கப்படும், அதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்போம் என்று எல்லாவற்றையும் சொன்னார். நானும் தலையாட்டினேன். பட்டியல் நீளமாக இருந்தால் கடைசியில் இருப்பது காதில் நிற்பதில்லை. முதல் மூன்று மாதச் சோதனையில் தைராய்டு நன்றாகத்தான் இருந்தது.

ஐந்தாவது மாதம் நெஞ்சு படபடத்தது. மாடிப்படி ஏறினால் இதயத் துடிப்பு காதில் கேட்டது. கை நடுங்கியது. மதுவின் பள்ளி மேலங்கியில் ஒரு பட்டன் தைக்க நூல் கோக்க முடியாமல் கணவரிடம் கொடுத்தேன். உடம்பு இளைத்தது. மாத்திரையால் ரத்தம் குறைந்திருந்தது, அதனால் இருக்கும் என்று டாக்டரும் நினைத்தார், நானும் நினைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று கடைசி ஊசியோடு ஒரு முழுப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார்.

கடைசி ஊசி அன்று கணவர் கேக் வாங்கி வந்தார். மது மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டுக்கொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

பரிசோதனை முடிவு தபாலில் வந்தது. முதல் பக்கத்தில் கல்லீரலின் எண்கள் இருந்தன. எல்லாம் இயல்பு. அந்தத் தாளுக்கு முத்தம் கொடுக்காத குறை. மடித்துக் கோப்பில் வைத்தேன். இரண்டாம் பக்கத்தை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

4

அந்த மாதமே நாங்கள் வேறு குடியிருப்புக்கு மாறினோம். முகவரி மாற்றத்தை ஓர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, அரசாங்கம் என்றால் எல்லாம் ஒன்றுதானே, மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும் என்று இருந்துவிட்டேன். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். என் டாக்டர் பிரசவ விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாக வந்தவர் என்னை வரச்சொல்லி எழுதிய கடிதம் பழைய வீட்டுப் பெட்டிக்குப் போனது.

அதற்குள் படபடப்பு தானாக நின்றுவிட்டது. நல்லது என்று நினைத்தேன். பிறகு நான் மெதுவானேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. குளிர் எலும்புக்குள் இறங்கியது. மூன்று கம்பளி போட்டும் போகவில்லை. காலையில் எழுந்து மதுவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து படுத்தால், திரும்ப அழைத்து வரும் நேரம் வரைக்கும் தூக்கம். முகம் உப்பியது, குரல் கரகரத்தது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதன் கடைசிச் சொல் எங்கோ தூரத்தில் இருந்தது. அதனால் தொடங்குவதையே விட்டேன்.

கணவர் என்னைக் கடிந்து பேசியதில்லை. "ஊர் ஞாபகமா? ஒரு தரம் போயிட்டு வர்றியா?" என்று கேட்பார். ஊர் ஞாபகம் எதுவும் இல்லை. அதைச் சொல்லும் தெம்பும் இல்லை. ஊசியின் களைப்பு, போகப் போகச் சரியாகும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நர்ஸாக இருந்தவள் செய்யும் தப்பு இது. மற்றவர் உடம்பு என்றால் கேள்வி கேட்போம், நம் உடம்பு என்றால் பதிலை முதலில் எழுதிவிடுவோம்.

மதுவைப் பக்கத்து வீட்டுப் போர்ச்சுகீசிய அம்மாள் பல நாள் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். அங்கே பிரெஞ்சு, பள்ளியிலும் பிரெஞ்சு. வீட்டில் தமிழ் பேச வேண்டியவள் போர்வைக்குள் கிடந்தேன்.

5

அடுத்த சித்திரையில் தம்பிக்குக் கல்யாணம். ஊருக்குப் போனோம். கல்யாண வீட்டில் என்னைப் பார்த்த அம்மா, "இன்னாடி இப்பிடி ஊதிக்கினு வந்துகீற? அங்க ஒரு வேலயும் கெடயாதா?" என்றாள். பெண்கள் என் கன்னத்தைத் தொட்டு, வெளிநாட்டுச் சாப்பாடு நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார்கள். நான் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பும் தாமதமாகத்தான் வந்தது.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் வெள்ளிமலைக்குப் போனேன். அலமேலு அக்காவைப் பார்க்காமல் விமானம் ஏறினால் மனசு ஒப்பாது. சுகாதார நிலைய வாசலில் நின்றவள் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, இரண்டு எட்டு தூரத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

"நர்சம்மாவா?"

"நான்தான் அக்கா."

"இன்னா கொரலு ஆம்பள கொரலாட்டம் கீது?"

"குளிர் தேசம் இல்லையா, தொண்டை கட்டிக்கிச்சு."

"ஊருக்கு வந்து எத்தினி நாளாச்சி?"

"பத்து நாள்."

"பத்து நாளாவா கட்டிக்கினு கீது?" என்றபடி என் கையைப் பிடித்தாள். உடனே மற்ற கையையும் பிடித்துப் பார்த்தாள். "சித்திர மாசத்துல கை இப்பிடி ஜில்லுன்னு கீதே. வேர்க்கவே இல்லியா ஒனக்கு?"

வேர்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

என்னை உட்கார வைத்து எதிரில் நின்றாள். விரல் விட்டு எண்ணினாள். "மந்தமா கீறாளா, குளுருதுன்றாளா, மூஞ்சி ஊதிக்கிச்சா, கொரலு மாறிச்சா. இதெல்லாம் இருந்தா கழுத்துல கீற சொரப்பியப் பாக்கணும்னு நீ தான சொல்லுவ? வூடு வூடா உப்ப வச்சிக்கினு சொன்னியே. அத்தினியும் ஒனக்கே கீது. ஒங்க ஊர்ல உப்பு சரியில்லியா?"

நான் நடத்திய பாடத்தை என்னிடமே ஒப்பித்தாள், ஒரு வரி விடாமல். உப்பு அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் அம்மா படித்த அந்த நீளமான பட்டியலின் கடைசி வரி அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மத்தியான பஸ்ஸிலேயே கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். ரத்தம் கொடுத்தேன். மறுநாள் முடிவு வந்தது. தைராய்டு மந்தமானால் ஏறும் டி.எஸ்.எச். என்ற அளவு நான்கு, ஐந்துக்குள் இருக்க வேண்டும்; எனக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. அங்கே என்னைப் பார்த்த டாக்டர் அம்மா நிதானமானவர்.

"சமீபத்துல ஏதாவது பெரிய மருந்து எடுத்தீங்களா?"

"கல்லீரல் கிருமிக்கு இன்டர்ஃபெரான், ஆறு மாசம்."

"அதான். சிலருக்கு அது தைராய்டக் கெளறி விட்ரும். மொதல்ல ஜாஸ்தியா ஓடும், அப்புறம் ஒரேடியா கம்மியாயிடும். நடுவுல நெஞ்சு படபடன்னு இருந்துச்சா?"

இருந்தது. எல்லாம் அவர் சொன்ன வரிசையிலேயே நடந்திருந்தது.

"சிலருக்குத் தானா சரியாகும். சிலருக்கு ஆயுசுக்கும் மாத்திரை. எதுவா இருந்தாலும் பயப்படற வியாதி இல்லைங்க. காலைல வெறும் வயித்துல ஒண்ணு, அவ்ளோதான்."

மூன்று வாரத்தில் எனக்கு வேர்த்தது. பிரான்சில், ரயில் நிலையப் படிக்கட்டில், கம்பளிக்குள் வேர்த்தது. அங்கேயே நின்று மேலங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டேன்.

6

திரும்பி வந்ததும் கோப்பை எடுத்தேன். அந்தப் பரிசோதனைத் தாள் அங்கேயே இருந்தது. இரண்டாம் பக்கத்தில், தடித்த எழுத்தில், தைராய்டு அளவு மாறியிருக்கிறது, மருத்துவரைப் பார்க்கவும் என்று இருந்தது. ஏழு மாதம் அது என் அலமாரியில் என்னோடு குடியிருந்திருக்கிறது. என் டாக்டர் விடுப்பு முடிந்து வந்திருந்தார். கடிதம் போன முகவரியைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்று அவர் வருத்தப்பட்டார். பக்கத்தைத் திருப்பியிருக்க வேண்டும் என்று நானும் சொன்னேன். அதே சந்திப்பில்தான், திரும்பி வந்ததும் நான் கொடுத்த ரத்தத்தின் முடிவையும் காட்டினார். கிருமி இல்லை, முழுவதுமாகப் போய்விட்டது. ஊசி தன் வேலையைச் செய்திருந்தது.

உடம்பு திரும்பி வந்தது. முடி வந்தது, குரல் வந்தது. தைராய்டு மட்டும் வரவில்லை. ஒருமுறை மாத்திரையைக் குறைத்துப் பார்த்தார்கள், எண் மறுபடி ஏறியது. சரி, இது நிரந்தரம் என்று எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன்.

மதுவின் தமிழும் வரவில்லை. என் வாய் மீண்டும் திறந்தபோது அவளுக்கு ஐந்தரை வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொன்னாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு அது பழக்கமானது. இன்று பதினேழு வயது. நான் பேசுவது எல்லாம் புரியும், பேச வேண்டும் என்றால் சொற்களைத் தட்டுத்தடுமாறித் தேடுவாள். இங்கே வளரும் பிள்ளைகள் பாதிப் பேர் அப்படித்தான் என்று மற்ற அம்மாக்கள் ஆறுதல் சொல்வார்கள். இருக்கலாம். என் வீட்டில் அது எந்த மாதங்களில் நடந்தது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அதற்காக உட்கார்ந்து வருந்துவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாலும் நான் தமிழில்தான் கேட்கிறேன்.

7

போன வருடம் வைகாசியில் அலமேலு அக்காவின் மருமகள் போன் செய்தாள். மலையில் நடந்த மருத்துவ முகாமில் அக்காவுக்கு ரத்தம் பார்த்தார்கள், எனக்கு இருந்த அதே கிருமி. கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். அக்கா போக மறுக்கிறாள்.

"இன்னா சொல்றாங்க?" என்றேன்.

"நர்சம்மா அந்த வைத்தியம் பண்ணிக்கினு வந்த கோலத்த நா கண்ணால பாத்தேன், எனுக்கு அந்த கெதி வாணாம்னு சொல்றாங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

நான் மூன்று முறை போனில் பேசினேன். இப்போது அந்த ஊசியே கிடையாது, வெறும் மாத்திரைதான், மூன்று மாதம்தான், ஒன்றும் ஆகாது என்றேன். மூன்று முறையும் "பாக்கலாம் நர்சம்மா" என்று வைத்துவிட்டாள். அந்தப் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று ஐந்து வருடம் அவளோடு வேலை பார்த்த எனக்குத் தெரியும்.

என்னை ஏழு மாதப் போர்வையிலிருந்து எழுப்பியவள், என்னைப் பார்த்துப் பயந்து செத்துப்போகக் கூடாது. ஆடி மாதம் விடுப்பு எடுத்துக் கிளம்பினேன். மது வர மறுத்தாள், தோழிகளோடு கடற்கரைக்குப் போக வேண்டுமாம். "இரண்டு வாரம் எனக்குக் கொடு, மீதி விடுமுறை முழுக்க உனக்கு" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

அக்கா மரவள்ளிக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள், கண்ணில் லேசான மஞ்சள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள், வேலையை நிறுத்தவில்லை. நானும் அவள் பக்கத்து வரிசையில் குனிந்தேன். மது வரப்பில் உட்கார்ந்தாள்.

"இதுக்கா இம்மாந் தூரம் வந்த?"

"இதுக்குத்தான். அக்கா, அந்த ஊசி இப்ப இல்ல. ஒண்ணும் ஆகாது."

"நீ ஊசி போடறப்பல்லாம் இன்னா சொல்லுவ? வலிக்காதுன்னு தான சொல்லுவ? வலிக்கும். புள்ளைங்கள இறுக்கிப் புடிச்சிக்கினு நிக்கறவ நானு. எனுக்குத் தெரியாதா?"

அவள் நிமிர்ந்து மதுவைப் பார்த்தாள்.

"பாப்பா, நீ சொல்லு. அப்போ உங்கம்மா எப்பிடி இருந்தா?"

மது என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தானே பேசினாள்.

"நான் சின்ன பிள்ளை. ஸ்கூல் முடிஞ்சு வருது, அம்மா தூங்குது. நான் பேசுது, அம்மா பேசல. ரொம்ப நாள். நான் நினைச்சேன், அம்மாக்கு என்னை பிடிக்கல." கொஞ்சம் தேடினாள். "அப்புறம் மாத்திரை. அப்புறம் அம்மா எழுந்துச்சு. இப்போ எல்லா நாளும் கத்துது."

பன்னிரண்டு வருடத்தில் இதை அவள் என்னிடம் எந்த மொழியிலும் சொன்னதில்லை. களைக்கொத்தை மண்ணில் ஊன்றிக்கொண்டு நின்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "போனதெல்லாம் திரும்பி வந்துட்ச்சா ஒனக்கு?"

இதற்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லியிருக்க முடியும். "எல்லாம் வரல அக்கா," என்றேன். "கழுத்து வரல, சாகற வரைக்கும் மாத்திரைதான். இவ பேச்சும் பாதிதான் வந்துச்சு."

"அந்த ஊசியப் போடாம உட்டிருந்தா?"

"கழுத்து நல்லா இருந்திருக்கும். கல்லீரல் போயிருக்கும். அன்னிக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. திரும்ப அந்த நெலமைல வச்சாலும் போட்டுக்குவேன். என்ன, தைராய்டு முடிவ ஒழுங்காப் படிச்சிருப்பேன், இவளோட அந்த ஏழு மாசம் எனக்கு மிஞ்சியிருக்கும்."

"இந்தப் புது மாத்திரையில இன்னா வரும்?"

"தலைவலி வரலாம், அசதி வரலாம், வயித்தப் பொரட்டலாம். கழுத்துக்கு அந்த ஊசி பண்ண மாதிரி இது பண்றதில்லன்னு டாக்டருங்க சொல்றாங்க. ஆனா நீங்க வேணும்னா கேட்டு வாங்கி அதையும் பாத்துக்கலாம். நூறு பேர்ல தொண்ணூறு பேருக்கு மேல கிருமி போயிடுது. எல்லாருக்கும் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்."

அக்கா குனிந்து அந்த வரிசையை முடித்தாள். கடைசிக் களையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டாள்.

"இத்த போன்லயே சொல்லியிருக்கலாமில்ல? ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுன்னா, என்னமோ பெரிசா மறைக்கிறன்னு தான தோணும்."

மறுநாள் காலை பஸ்ஸில் மூவரும் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். கல்லீரல் இறுக ஆரம்பித்திருக்கிறது, ஆனால் காப்பாற்றிவிடலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். அக்கா முதல் வேலையாக, கழுத்துக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே எழுதித் தந்தார். அது இயல்பாக இருந்தது. மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்தில் நிற்கும்போது, அக்கா மதுவிடம் நாக்கை நீட்டிக் காட்டச் சொல்லி, "பேச்சு உள்ளதான் கீது, வெளிய இஸ்த்து உடு" என்றாள். மது விழுந்து விழுந்து சிரித்தாள். கடற்கரையைப் பற்றி அப்புறம் அவள் பேசவில்லை.

8

மூன்று மாதம் மாத்திரை. அது முடிந்து மேலும் மூன்று மாதம் கழித்து, மாசியில் கடைசிப் பரிசோதனை. கிருமி இல்லை. மருமகள் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பினாள், கேட்காமலே எல்லாப் பக்கங்களையும்.

இரண்டு நாள் முன்பு, முதியோர் இல்லத்தில் நான் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம், அலமேலு அக்காவே போன் செய்தாள். பின்னணியில் ஒரே பேச்சுச் சத்தம்.

"எங்க அக்கா இருக்கீங்க?"

"வெள்ளிமல பஸ் ஸ்டாப்புல. நம்ம பக்கத்துல ஏழு பொம்பளைங்களுக்கு அந்த கிருமி டெஸ்ட்டு எடுக்கணும்னு முகாமுல சொல்லிக்கீறாங்க. ஒருத்தியும் போவ மாட்டேன்றா. வந்து ஏறுங்கடின்னு இட்டுக்கினு வந்துட்டேன். கள்ளக்குறிச்சியில தங்கி, நாளைக்கிக் காலம்பற ரத்தம் குடுத்துட்டு வருவோம்."

"யாராவது பயந்தா போனைக் குடுங்க, நான் பேசறேன்."

"நீ ஒண்ணும் பேசத் தேவையில்ல. எனுக்கு இன்னா வந்துச்சி, எத்தினி நாளு தலைய வலிச்சிச்சி, எல்லாத்தயும் நானே சொல்லிட்டேன். வலிக்காதுன்னு மட்டும் சொல்லல." யாரையோ அதட்டினாள். பிறகு என்னிடம், "பஸ்ஸு வந்துட்ச்சி நர்சம்மா, ஏத்தணும், வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.